மெனுவில் எலும்பு மட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சைவம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு கோயில் மடைப்பள்ளியில் பதினைந்து வருடமாகச் சமைக்கிறேன். வெங்காயம், பூண்டு வாசனை படாத அடுப்பு. அப்படிப்பட்டவன் செத்த மாடு பரிமாறும் உணவகத்துக்கு மதிப்பீடு எழுத வந்திருக்கிறேன். சாப்பிட்டது நானில்லை என்பதால் பாவம் ஒட்டாது என்று நினைக்கிறேன்.

இந்த நாட்டில் அதற்குப் பெயரே ‘வல்ச்சர் ரெஸ்டாரன்ட்’. பண்ணையில் இயற்கையாகச் செத்த மாடு, ஆடுகளை, விஷமும் மருந்தும் இல்லை என்று பார்த்துவிட்டு, மலையடிவாரத்தில் திறந்தவெளியில் வைப்பார்கள். பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், இறங்கி வந்து தின்னும். சற்றுத் தள்ளி ஒரு மறைவு அறையில் நாம் பணம் கட்டி உட்கார்ந்து பார்க்கலாம். 1960களில் ட்ராகன்ஸ்பர்க் மலையில் ஜயன்ட்ஸ் காசில் பக்கம் ஆரம்பித்த ஏற்பாடு. இப்போது பல இடங்களில், தனியார் பண்ணைகளிலும் நடக்கிறது. ஜயன்ட்ஸ் காசில் மறைவிடம் பிரபலம், எங்களுக்குத் தேதி கிடைக்கவில்லை. நாங்கள் போனது அண்டர்பெர்க் பக்கத்தில் ஒரு பால் பண்ணை.

பண்ணையின் பெயரைப் போடவில்லை. உரிமையாளர் அம்மா கேட்டுக்கொண்டார். முன்பு யாரோ வந்து டிரோன் பறக்கவிட்டதில் மூன்று வாரம் ஒரு பறவைகூட இறங்கவில்லையாம். பெயரில்லாத மதிப்பீட்டால் என்ன பயன் என்று கேட்டால், எந்தப் பாறு உணவகத்துக்குப் போனாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

பாறு என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் எல்லாவற்றையும் கழுகு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உயிருள்ளதைப் பிடித்துத் தின்பது கழுகு, செத்ததைத் தின்பது பாறு. சங்கப் பாட்டிலேயே இருக்கிற சொல். முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் இந்தப் பறவைகளுக்காக உழைக்கிறவர்கள் அதை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ‘பிணந்தின்னி’ என்று திட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். நாமென்ன, பிணத்தைத் தின்னாமல் உயிரோடா தின்கிறோம்? (இதை என்னோடு வந்த மூட்லி அங்கிளிடம் சொன்னேன். அவர் மட்டன் பிரியர். பதில் சொல்லவில்லை.)

எனக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றம். ஊர் பெயரிலேயே பறவை இருக்கிறது. வேதகிரீஸ்வரர் மலைமேல் தினமும் உச்சிவேளையில் பண்டாரம் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் காத்திருப்பார். எங்கிருந்தோ இரண்டு பறவை வந்து இறங்கும். கிண்ணத்திலிருந்து தின்னும், போய்விடும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அத்தனை படியும் ஏறிப் போய்ப் பார்ப்போம். பறவையைவிட மிச்சப் பொங்கல் மேல்தான் எங்களுக்குக் கண். பாட்டி கணக்கு வைத்திருந்தாள். கிருதயுகத்தில் சண்டன், பிரசண்டன். திரேதாயுகத்தில் சம்பாதி, ஜடாயு. துவாபரத்தில் சம்புகுத்தன், மாகுத்தன். கலியுகத்தில் சம்பு, ஆதி. சாபம் வாங்கிய முனிவர்கள். காலையில் கங்கையில் குளியல், உச்சிக்கு நம் ஊரில் சாப்பாடு, அப்புறம் ராமேஸ்வரம். அதே வெள்ளை உடம்பு, மஞ்சள் மூஞ்சிப் பறவையை ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் பார்த்தால் ‘மஞ்சத்திருடி’ என்போம். இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் மரியாதை.

1990களின் கடைசியில் அந்த வரவு நின்றுபோனது. நான் சமையல் வேலைக்கென்று ஊரைவிட்டுக் கிளம்பியதும் அந்தச் சமயத்தில்தான். ஆக, டர்பனில் இருந்துகொண்டு ‘பறவைக்குச் சோறு வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது, வருகிறீர்களா?’ என்று மூட்லி அங்கிள் கேட்டதும், என்ன சோறு என்றுகூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டேன்.

மூட்லி அங்கிள் எங்கள் கோயில் கமிட்டியில் இருக்கிறவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், 74 வயது. தமிழில் ‘வாங்க’, ‘போங்க’, ‘சோறு’, ‘கொஞ்சம்’, தேவாரத்தில் நான்கு பதிகம், அவ்வளவுதான் வரும். பதிகத்தை மட்டும் என்னைவிடச் சுத்தமாகப் பாடுவார். என்னைச் சாமி என்று கூப்பிடுவார். ஏற்பாடு எல்லாம் அவருடைய பேத்தி. ஆன்டர்ஸ்டபோர்ட்டில், அதாவது பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவில், கடைசி வருடம் படிக்கிறாள். பாறு விஷயத்தில் அந்தப் பெண் ஒரு நடமாடும் அகராதி. கீழே நான் எழுதும் விவரங்களில் பாதி அவள் சொல்லித் தந்தது.

பயணம். டர்பனிலிருந்து 200 கிலோமீட்டர் சொச்சம். என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி ஹோவிக் பக்கம் இறங்கி, ஆர்617 பிடித்து புல்வர் வழியாகப் போக வேண்டும். ஜூன் மாதம், புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறம். வாடகைக் காரில் போனோம். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு ஹெட்லைட் எரியவில்லை என்பதைப் புல்வர் தாண்டி இருட்டின பிறகுதான் கண்டுபிடித்தோம். போன் செய்தால் ‘இன்னொரு லைட் எரிகிறதா?’ என்று கேட்டார்கள். எரிகிறது என்றோம். ‘அப்போ சரி’ என்று வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். சாலையில் குழிகளும் உண்டு, மாடுகளும் உண்டு.

இரவு பண்ணையிலேயே வட்டக் குடிசை மாதிரி ஓர் அறையில் தங்கினோம். கம்பளி நல்ல கனம். காபி மட்டும் சிக்கரித் தண்ணீர். மறைவறைக்குக் கட்டணம் தலைக்கு 450 ராண்ட், தங்குவது தனி.

சரி, சமையலறைக்கு வருகிறேன். இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் எந்த ஊர் உணவகத்துக்குப் போனாலும் முதலில் அடுக்களையை எட்டிப் பார்ப்பேன். தொழில் புத்தி. இங்கே அடுக்களை என்பது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. சிமெண்ட் தரை, கழுவிவிட வாய்க்கால், ஒரு கோடரி, சம்மட்டி ஒன்று, சங்கிலியில் கொக்கி. பொறுப்பாளர் ஒரு ஜூலு பெரியவர். வயதில் மூத்தவரை இங்கே ‘பாபா’ என்று கூப்பிடுவது வழக்கம், நானும் அப்படியே கூப்பிட்டேன். பேத்தி என்னைக் காட்டி ‘இவரும் சமையல்காரர்தான்’ என்று ஜூலுவில் சொன்னாள். பெரியவர் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கரண்டிக் காய்ப்பு. சிரித்துவிட்டு வரச்சொன்னார்.

முதல் நாள் மாலையே ஒரு பசு தயாராக இருந்தது. கன்று ஈனும்போது செத்தது. பாபா அதன் கால் எலும்புகளைச் சம்மட்டியால் உடைத்து விரல் நீளத் துண்டுகளாக ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். மாட்டையே முழுதாக வைக்கும்போது எலும்பை ஏன் மெனக்கெட்டு உடைக்க வேண்டும்?

இதற்கு ஒரு கதை இருக்கிறது. 1970களில் இங்கே மகாலிஸ்பர்க் மலைக் கூடுகளில் இருந்த கேப் பாறு என்ற இனத்தின் குஞ்சுகள் சிலவற்றுக்கு இறக்கை எலும்பு வளைந்தும் ஒடிந்தும் கிடந்தது. பீட்டர் மண்டி, ஜான் லெட்ஜர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காரணம் தேடினார்கள். குஞ்சுக்குச் சுண்ணாம்புச் சத்து போதவில்லை. ஏனென்றால் பாறுக்கு எலும்பை உடைக்கும் பலம் கிடையாது. கழுதைப்புலி கடித்து நொறுக்கிப் போட்டால், அந்தச் சில்லுகளைப் பொறுக்கித் தாய்ப்பறவை குஞ்சுக்கு எடுத்துப் போகும். பண்ணைகள் பெருகின இடத்தில் கழுதைப்புலி ஒழிந்தது, சில்லும் ஒழிந்தது. பாவம், தாய்ப்பறவைகள் சில்லு என்று நினைத்துக் கண்ணாடித் துண்டு, பாட்டில் மூடி, பிளாஸ்டிக் எல்லாம் கொண்டுபோய் ஊட்டியிருக்கின்றன. அதற்குப் பிறகுதான் பாறு உணவகங்களில் எலும்பை உடைத்துப் போடும் வழக்கம் வந்தது. ஆக பாபா செய்துகொண்டிருந்தது கழுதைப்புலியின் வேலை. சமையலில் நாம் கண்ணுக்குத் தெரியாமல் சேர்க்கிற பெருங்காயம் மாதிரி, அது இல்லாமல் விருந்து விருந்தாகாது.

அடுத்து பாபா காட்டியது ஒரு நோட்டுப் புத்தகம். கொட்டகைச் சுவரில் கயிற்றில் தொங்கியது. தேதி, மாட்டின் காதுப் பட்டை எண், எப்படிச் செத்தது, கடைசியாக என்ன ஊசி, எத்தனை நாள் முன்பு, டாக்டர் கையெழுத்து. அந்தப் பசுவுக்கு எதிரே ‘ஊசி இல்லை’ என்று எழுதியிருந்தது. இரண்டு வரி மேலே ஒரு மாட்டைக் குறுக்குக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். ‘அது ஏன்?’ என்றேன். சாகிறதுக்கு நான்கு நாள் முன்பு வலிக்கு ஊசி போட்டதாம். குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். துப்பாக்கியால் சுட்ட மாடும் அப்படியே வெளியே போகாது, ஈயம் பட்ட இடத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். மருந்து கொடுத்துக் கருணைக்கொலை செய்த மாடு கிட்டேயே வரக்கூடாது.

அங்கே நின்றபோது எனக்கு எங்கள் வீட்டுப் பசு ஞாபகம் வந்துவிட்டது. 1999 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மடி வீங்கிப் படுத்த பசுவுக்கு ஊசி போட்டுப் பார்த்தார் அப்பா, பிழைக்கவில்லை. ஏரிக்கரையில் கொண்டுபோய்ப் போட்டோம். மூன்று நாள் கழித்து அந்தப் பக்கம் போனால் அப்படியே கிடக்கிறது. நாய்கள் மட்டும் சுற்றின. ‘வானத்தைப் பாரு, ஒண்ணையும் காணோம்’ என்று அப்பா சொன்னதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் உலகத்துக்குத் தெரிந்தது 2004இல். லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் குழு பாகிஸ்தானில் செத்து விழுந்த பாறுகளை அறுத்துப் பார்த்தது. குடலிலும் கல்லீரலிலும் சுண்ணாம்பு பூசினது போல வெள்ளை. சிறுநீரகம் செத்து, உப்பு உடம்பெங்கும் படிந்திருந்தது. மாட்டுக்கு வலி, வீக்கத்துக்குப் போடும் டைக்ளோஃபினாக்தான் காரணம். ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்கிற பாறும் சாகும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சினது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் மஞ்சத்திருடியும் அதே வருடங்களில் நாடு முழுக்க வேகமாகக் குறைந்தது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது.

இதில் பேத்தி சொன்ன ஒரு விஷயத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தால் மாட்டுக்கு வேறு மருந்து வேண்டுமே. மெலாக்சிகாம் பாறுக்கு ஆபத்தில்லாதது என்று முதலில் சோதித்துப் பார்த்தது தென்னாப்பிரிக்காவில், இங்கிருக்கும் ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறு என்ற வேறு இனத்தை வைத்து. செய்தவர்கள் அவள் படிக்கிற அதே ஆன்டர்ஸ்டபோர்ட் ஆட்கள், ஜெர்ரி ஸ்வான், வின்னி நாயுடு. பேரைக் கேட்டதும் மூட்லி அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘எந்த நாயுடு? டர்பன் நாயுடுவா?’ எங்கள் ஆட்களுக்கு எந்தச் செய்தியிலும் முதல் கேள்வி இதுதான். கப்பலேறிக் கரும்பு வெட்ட வந்தவர்கள் போன திசைக்கு எதிர்த் திசையில், நம் ஊர்ப் பாறுக்கு மருந்துச் சீட்டு இங்கிருந்து போயிருக்கிறது.

காலை ஐந்து மணிக்கு டிராக்டர் வண்டியில் ஏற்றிப் போனார்கள். தரையில் உறைபனி, செருப்புப் போட்டு வந்த அங்கிளுக்குப் பண்ணையார் அம்மா பூட்ஸ் கொடுத்தார். மறைவறை சரிவில் பாதி புதைத்துக் கட்டின கல் அறை. முன்பக்கம் நீளமாக ஒரு கண்ணாடி, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாது. ஆறு பேர் உட்காரலாம், நாங்கள் மூன்று பேர்தான். விடிவதற்குள் உள்ளே போய்விட வேண்டும், பறவைகள் போகும்வரை வெளியே வரக்கூடாது. அந்த இடைவெளி எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. வயதானவர்கள் முந்தின இரவு தண்ணீர் அளவாகக் குடியுங்கள். இதற்கு மேல் விளக்க மாட்டேன்.

முதலில் வந்தது காக்கை, எந்த ஊரானாலும் அதுதான் முதல். இங்கே பிடரியில் வெள்ளைத் தீற்றல் போட்ட பெரிய அண்டங்காக்கை, அலகு கொல்லன் பட்டறைச் சாமான் மாதிரி. கல்யாண வீட்டில் யார் அழைத்தார்கள் என்று தெரியாமலே முன் வரிசையில் உட்காரும் மாமா ஒருவர் இருப்பார் இல்லையா, அவர்தான். கண்ணைக் கொத்தித் தின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எட்டு மணி வரை வேறு ஒன்றும் இல்லை. அங்கிள் தூங்கிவிட்டார். நான் கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதத்தைத் திறந்தேன். கடுகு வாசனைக்குப் பறவை ஓடிவிடுமோ என்று பயம். ‘பெரும்பாலான பாறுகளுக்கு மோப்பம் கிடையாது, கண்தான்’ என்றாள் பேத்தி. ஒன்று இறங்கினால் அதைப் பார்த்துத் தொலைவில் வட்டமிடும் இன்னொன்று வரும், அதைப் பார்த்து மற்றொன்று. நம் ஊரில் ஒரு கடை வாசலில் நான்கு பேர் நின்றால் கூட்டம் சேருவது போலத்தான்.

எட்டேமுக்காலுக்கு ஒரு நிழல் புல்மேல் ஓடியது. அப்புறம் சத்தம். விமானம் இறங்குகிற மாதிரி காற்றைக் கிழிக்கும் சத்தம், ஒவ்வொன்றாக, கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு. கேப் பாறு. இறக்கை விரித்தால் இரண்டரை மீட்டருக்கும் மேல். எங்கள் மடைப்பள்ளியின் இரட்டைக் கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே நுழையாது. வளர்ந்தவை பாலாடை நிறம், தேன் நிறக் கண், கழுத்தில் நீலம் பாய்ந்த வெறுந்தோல். இளசுகள் பழுப்பு, கண் கறுப்பு. நான் முப்பத்தேழு எண்ணினேன், பேத்தி நாற்பத்தொன்று. இரண்டுக்கு இறக்கையில் மஞ்சள் பட்டை. அதிலுள்ள எண்ணை அவள் குறித்துக்கொண்டாள், எந்த மலையில் பிறந்தது என்று அதை வைத்துத் தேடலாமாம்.

முதல் பந்தி என்றால் என்ன என்று அப்போது தெரிந்தது. இழுப்பதும் சீறுவதும், ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறுவதும். ஆடி மாதம் எங்கள் கோயிலில் கூழ் ஊற்றும் நாளில் வரிசை உடைந்தால் இப்படித்தான் இருக்கும். இருபது நிமிடத்தில் பசு என்ற உருவமே இல்லை. வயிறு நிறைந்தவை தள்ளிப் போய் இறக்கையை விரித்து வெயில் காய்ந்தன. பாபா போட்ட எலும்புச் சில்லுகளை ஒரு பறவை ஒவ்வொன்றாகப் பொறுக்கியதைப் பார்த்தேன். அத்தனை பெரிய அலகில் அவ்வளவு பொறுமை.

இவ்வளவு பேர் பந்தியில் இருக்கிறார்களே, பின் என்ன குறைவு என்று கேட்டேன். கண்ணாடிக்கு வெளியே கைகாட்டிக்கொண்டே பேத்தி கிசுகிசுப்பாகச் சொன்னாள். உலகத்தில் கேப் பாறு ஆப்பிரிக்காவின் இந்தத் தென்கோடியில் மட்டும்தான். ஜோடிக்கு வருடத்துக்கு ஒரே முட்டை. 2015இல் இதை ‘அழியும் ஆபத்தில்’ என்ற பட்டியலில் சேர்த்தார்கள். அதே வருடம் ஆப்பிரிக்காவின் இன்னும் நான்கு பாறு வகைகளை அதற்கும் மேலே, அழிவின் விளிம்பில் என்று எழுதினார்கள். கேப் பாறுக்கு மட்டும் பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. 2021இல் ஒரு படி இறக்கி ‘ஆபத்துக்கு உள்ளாகக்கூடியது’ என்று மாற்றினார்கள். இப்படிப்பட்ட சோற்றுப் பந்திகளுக்கும் அதில் பங்கு இருக்கும் என்பது பண்ணையார் அம்மாவின் கட்சி.

ஆப்பிரிக்கப் பாறுகளுக்கு வில்லன் வேறு. நரியைக் கொல்லப் பண்ணைக்காரர் வைக்கும் விஷம். மின்கம்பி. அதைவிட மோசம், யானை வேட்டைக்காரர்கள். பாறு வட்டமிட்டால் வனக்காவலருக்கு இடம் தெரிந்துவிடும் என்று, வெட்டிய யானை மேலேயே விஷத்தைக் கொட்டிவிட்டுப் போவார்கள். 2019 ஜூனில் போட்ஸ்வானாவில் அப்படி ஒரே இடத்தில் செத்தவை 537 பாறுகள். இன்னொன்று, நாட்டு வைத்தியம். பாறின் கண் எங்கோ இருப்பதைப் பார்க்கும் என்பதால், அதன் தலையை உலர்த்திப் புகைத்தால் லாட்டரி எண் கனவில் வரும் என்ற நம்பிக்கை. அங்கிள் ‘ச்சே’ என்றார். தேவாங்கை நம் ஊர் மந்திரவாதிகள் என்ன பாடு படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியுமாதலால் நான் ச்சே சொல்லவில்லை.

ஒன்பதே காலுக்குப் பந்தி கலைந்தது. மிஞ்சினது விலாவும் தொடை எலும்பும். முடிந்தது என்று நான் டப்பாவை மூடினபோது பேத்தி என் முழங்கையை அழுத்தினாள்.

மேலே, பாறை விளிம்பை ஒட்டி, இறக்கை ஆடாமல் ஒரு பறவை. மற்றவை போல அகலமில்லை, நீண்டு கூரான இறக்கை, சாய்சதுர வால். இரண்டு தடவை கடந்து போய் மூன்றாவது தடவை இறங்கியது. நெஞ்சும் கழுத்தும் காவி. கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம். அலகுக்குக் கீழே குச்சிக் குச்சியாகக் கறுப்புத் தாடி. சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் மலைமேல் பொங்கல் வைத்த பண்டாரம் நேரில் வந்து நின்ற மாதிரி இருந்தது. தாடிப் பாறு. வளர்ந்த பறவையின் நெஞ்சு இயல்பில் வெள்ளைதான். இரும்புச் சத்துள்ள செம்மண் சேற்றில் தானாகப் போய்ப் புரண்டு காவி பூசிக்கொள்ளும். யாரும் சொல்லித் தருவதில்லை.

இதன் சாப்பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் எலும்பு. சதைக்குச் சண்டை போடுவதில்லை, எல்லாரும் எழுந்த பிறகு வருகிறது. ஒரு சாண் நீள எலும்பைக் குத்தாக நிறுத்தி, தலையை அண்ணாந்து, அப்படியே விழுங்கியது. வயிற்றில் இருக்கும் அமிலம் அதைக் கரைத்துவிடும். பெரிய தொடை எலும்பு ஒன்றைக் காலில் தூக்கிக்கொண்டு மேலே போய்ப் பாறைமேல் போட்டது. உடையவில்லை. இறங்கி எடுத்தது, மறுபடி உயரம், மறுபடி போட்டது. நான்காவது தடவை ‘டக்’ என்று கேட்டது. அங்கிள் தமிழில் ‘கொஞ்சம்... கொஞ்சம்...’ என்று அதற்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் பறவைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் ‘லாமர்கையர்’, ஆட்டுக்குட்டிப் பாறு. குட்டியைத் தூக்கிப் போகும் என்று நம்பிப் பல காலம் சுட்டார்கள். ஒரு காலத்தில் கேப் மாகாண மலைகள் வரை இருந்தது. இப்போது தென் ஆப்பிரிக்கப் பகுதியில் லெசோத்தோ உயர்மலையும் அதை ஒட்டின இந்த ட்ராகன்ஸ்பர்க் விளிம்பும்தான் மிச்சம். குஞ்சு பொரிக்கும் ஜோடிகள் நூறு அளவில். சோன்யா க்ரூகர் என்ற சூழலியலாளர் பல வருடம் இவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பின்தொடர்ந்தவர். விஷமும் மின்கம்பியும் ஆளில்லாத உயரத்தில் வாழும் பறவையையும் விடவில்லை என்பது அதில் தெரிந்தது. போதாததற்கு மலை விளிம்பில் காற்றாலை கட்டும் பேச்சும் இருக்கிறது. காற்று நன்றாக வீசும் இடம்தான் பறவைக்கும் வேண்டும், ஆலைக்கும் வேண்டும்.

இரண்டு முட்டை இடும். மூத்த குஞ்சு இளையதைக் கொன்றுவிடும், அநேகமாக எப்போதும். எப்படியும் சாகப்போகிற அந்த இரண்டாவது முட்டையைக் கயிற்றில் இறங்கி எடுத்துவந்து, கூண்டில் வளர்த்து, ஒரு காப்புக் குடும்பம் உண்டாக்கும் வேலையை 2015இல் இந்த மாகாணத்தில் தொடங்கினார்கள். பேத்தி படித்து முடித்ததும் அதில்தான் சேர வேண்டும் என்கிறாள். ‘கல்யாணம்?’ என்றார் அங்கிள். தாடிப் பாறு ஆறேழு வயதுக்கு முன்னால் ஜோடி சேராது என்று பதில் வந்தது.

பத்தரைக்கு டிராக்டர் வந்தது. பாபா மிச்ச எலும்பைக் கூட்டிக்கொண்டிருந்தார். ‘பெரியவர் வந்தாரா?’ என்று கேட்டார். வந்தார் என்றோம். பாறுக்கு ஜூலுவில் ‘இன்கே’, நடுவில் நாக்கால் அண்ணத்தில் ஒரு சொடுக்குப் போட வேண்டும். ஐந்து தடவை முயன்றேன், அவர் சிரித்ததுதான் மிச்சம். தாடிக்காரரை மட்டும் அவர் பெயர் சொல்லாமல் பெரியவர் என்றே சொல்கிறார். நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே ‘1’ என்று எழுதினார். முந்தின பக்கங்களைப் புரட்டினேன். அந்த மாதத்தில் மூன்று சனிக்கிழமைக்கு ‘0’ இருந்தது.

ராத்திரி ஊருக்குப் போன் செய்தேன். அக்கா எடுத்தாள். எல்லாம் சொன்னேன். ‘பொங்கல் வைக்கலியா?’ என்றாள். ‘எலும்புக்கா.’ ‘எத்தனை மணிக்கு வந்துச்சு?’ ‘ஒன்பதே காலுக்கு மேல.’ ‘நம்மளுது உச்சிக்குத்தான் வரும்’ என்றாள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: அடுக்களைக்கு ஐந்துக்கு ஐந்து. தங்குமிடத்துக்கு மூன்றரை, கம்பளியால் அது கூடியது, காபியால் குறைந்தது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள், சத்தம் போடாமல் ஐந்து மணி நேரம் அவர்களால் ஆகாது. தாடிப் பாறு வந்தே தீரும் என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள். வரும்போது அண்டர்பெர்க்கில் ஒரு கடையில் பீன்ஸ் ‘பன்னி சௌ’ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) கிடைத்தது, காரம் சுமார், ரொட்டி அன்றே சுட்டது. செப்டம்பர் வரை சனி, ஞாயிறு மட்டும் நடக்கிறது. வேறு எந்த உணவகத்திலும் நான் பார்க்காத ஒரு விதி உண்டு: அந்த வாரம் பண்ணையில் மாடு எதுவும் சாகவில்லை என்றால், அல்லது செத்த மாடு ஊசி போட்டது என்றால், கடை திறக்க மாட்டார்கள். முதல் நாள் மாலை போன் செய்து சொல்லிவிட்டு முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறார்கள்.